தாம்பரத்து நடைப்பாலத்தில் ஒரு காலை

கடலாடிப் பக்கத்திற் பிறந்தார்க்குப் புகைவண்டி என்பது தேடிச் சென்று காணவேண்டிய பொருளேயன்றித் தானே வந்து காட்சி தரும் பொருளன்று. எமது தாலுகாவில் இருப்புப்பாதை இல்லை. முதுகுளத்தூர் வழியாகப் பரமக்குடிக்கோ, சிக்கல் வழியாக இராமநாதபுரத்துக்கோ பேருந்தில் ஏறிச் சென்றாலன்றித் தண்டவாளத்தைக் கண்ணாற் காண்டல் அரிது. அங்குச் சென்றாலும், ஒரு வண்டி போனபின் மறு வண்டி வருமளவும் ஆடுகள் பாதையோரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். நிலையத்து வேப்பமரத்தடியில் ஒரு தூக்கம் தூங்கி எழலாம். ஆதலின், வண்டி வரும், நிற்கும், போகும் என்னும் மூன்று நிகழ்ச்சிகளுக்குமேல் அதிற் காண்பதற்கு ஒன்றுமில்லை என்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணம் தாம்பரத்தில் மாறிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பெற்றபோது, இராமேசுவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே புதிய வண்டியொன்றும் தொடங்கப்பெற்றமை எம் பக்கத்தார் யாவரும் அறிந்ததே. அவ்வண்டியிற் சென்று, பொழுது புலருமுன்னரே தாம்பரத்தில் இறங்கினோம். எம்மை அழைத்துச் செல்ல வேண்டியவர் வருவதற்கு நேரம் மிகுதியாக இருந்தமையால், தண்டவாளங்களுக்கு மேலே குறுக்காகச் செல்லும் நடைப்பாலத்தின் ஓரத்தில், மூட்டையைக் காலருகே வைத்துக்கொண்டு நின்றோம். சிறிது பொழுது நிற்பதாகவே கருத்து. வெயில் முகத்திலடித்தபோதுதான் மூன்று மணி நேரம் கழிந்தமை தெரிந்தது. அன்று கண்டவற்றையும், அவற்றின் காரணங்களாகப் பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் இங்கு எழுதத் துணிகின்றோம். தண்டவாளமில்லாத ஊர்களினின்று வந்து பயில்வோர் நம் கல்லூரியிற் பலர் உளர் என்பதே எமது துணிவுக்குக் காரணம்.

இருளிற் பாலத்தின்கீழ் முதலிற் புலப்பட்டவை விளக்குகளே. பின்னர் ஒரு தொடர் வந்து நின்றது, 12 பெட்டிகள். முன்னே எஞ்சினைத் தேடினோம், இல்லை. பின்னே பார்த்தோம், அங்கும் இல்லை. இருபுறத்தும் ஓட்டுநர்க்குரிய அறைகள் மட்டும் இருந்தன. கதவோரங்களில் நின்றவர் இறங்குவதும், மேடையில் நின்றவர் ஏறுவதும் நாம் பத்து எண்ணுமுன் நடந்து முடிந்தன. ஊதலொலி எழுந்தது, வண்டி நகர்ந்தது. அதன் செந்நிற வால்விளக்கு மறைந்து சிறிது பொழுதே கழிந்திருக்கும். அதே மேடையில் அடுத்த தொடர் வந்து நின்றது. எம் ஊர்ப் பேருந்து புறப்படுமுன் நடத்துநர் தேநீர் பருகி முடிக்கும் நேரங்கூட இல்லை.

இவ்வளவு நெருக்கமாக வண்டிகள் எவ்வாறு ஓடக்கூடும் என்பதே எமக்கு எழுந்த முதல் ஐயம். விடையின் ஒரு பகுதி 1931ஆம் ஆண்டிற் கிடைக்கின்றது. அவ்வாண்டிலேதான் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. பம்பாயில் 1925ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்சார வண்டி ஓடி ஆறாண்டுகளே கழிந்திருந்தன. அப்போது இப்பாதை மீட்டர் பாதை. கம்பியில் ஓடியது 1500 வோல்ட் நேர்மின்சாரம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 29 கிலோமீட்டர். நிலையங்களோ இரு முனைகளையும் சேர்த்து இன்று 18. இரண்டு கிலோமீட்டர் ஓடுமுன் ஒரு முறை நிற்க வேண்டும் என்பது இதன் பொருள். அடிக்கடி நிற்கும் வண்டிக்கு மிகுந்த வேகம் பெரிதன்று; நின்ற நிலையிலிருந்து விரைந்து எழுதலே பெரிது. நீராவி எஞ்சின் ஒன்றே தொடர் முழுவதையும் இழுத்தாக வேண்டும். அதன் ஒரு சில சக்கரங்கள் மட்டுமே தண்டவாளத்தைப் பற்றி உந்தும். மிகுதியாக உந்தினால் வழுக்கும். மின்சாரத் தொடரிலோ மோட்டார்கள் பல பெட்டிகளின் அடியிற் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளன. பல சக்கரங்கள் ஒருங்கே உந்துவதால் வண்டி வழுக்காமல் எழுந்து ஓடுகின்றது. முனையை அடைந்தபின் எஞ்சினைக் கழற்றி மறுபுறம் மாட்டுதல், நீரும் கரியும் ஏற்றுதல் ஆகிய வேலைகளும் இல்லை. ஓட்டுநர் தம் பையை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்து செல்ல வேண்டியதே வேலை.

மிஷன் கல்லூரிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இன்னொன்றும் நினைவிற்கு வரும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நடுவிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937இல். மின்சார வண்டி வந்து ஆறாண்டுகளுக்குப் பின்னர். அந்நாளில் தாம்பரம் நகரத்துக்குப் புறம்பான காட்டுப்புறமே. நகரத்தினின்று அன்றாடம் சென்று மீளத்தக்க வழி அமையாதிருப்பின், ஒரு கல்லூரி அங்கே குடியேறத் துணிவது எளிதாயிராது என்பது எமது கருத்து.

1960களின் பிற்பகுதியில் இப்பாதையின் மின்சாரம் 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றப்பட்டது. மின்னழுத்தம் மிகுந்தால் அதே வேலைக்குக் குறைந்த மின்னோட்டமே போதும். ஓட்டம் குறைந்தால் கம்பியும் மெல்லியதாகலாம், மின்சாரம் வழங்கும் நிலையங்களும் அரிதாகலாம். பின்னர், 1 மீட்டர் அகலமுள்ள பாதைக்குப் பக்கத்தில் 1.676 மீட்டர் அகலமுள்ள பாதை இடப்பட்டு, சிலகாலம் சிறிய வண்டிகளும் பெரிய வண்டிகளும் அண்டை வீட்டார்போல் ஓடின. 2004இல் மீட்டர் பாதைப் புறநகர் வண்டி நின்றுபோயிற்று. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய பெட்டித் தொழிற்சாலையின் கைவண்ணமே பாலத்தின்கீழ் யாம் கண்ட தொடர்கள். அவற்றுள் சில புறப்படும்போது உறுமின. சில மெல்லிய சீழ்க்கை போன்ற ஒலியுடன் எழுந்தன. பின்னவை புதியவை. அவற்றின் மோட்டார்கள் வண்டி நிற்குங்காலத்து மின்சாரத்தை உண்டாக்கும் பொறிகளாக மாறி, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கி மேற்கம்பிக்கே திருப்பித் தருகின்றன. ஒரு வண்டி நிற்பதனால் மற்றொரு வண்டி ஓடுகின்றது என்றாலும் மிகையன்று. 2025 ஏப்ரல் முதற்கொண்டு குளிர்வசதியுள்ள தொடரும் கடற்கரை, தாம்பரம், செங்கற்பட்டு நிலையங்களிடையே ஓடுகின்றது.

நிற்க, ஐயத்தின் மறு பகுதிக்கு விடை கூறுவன கைகாட்டிகள். எம் பக்கத்து ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு வேளையில் ஒரு வண்டியே இருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. தாம்பரப் பாதையிலோ நிலையங்களின் இடைவெளியும் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு விளக்குக் கைகாட்டி நிறுத்தப்பட்டுள்ளது. இவற்றை மனிதர் கையால் மாற்றுவதில்லை, வண்டியே மாற்றுகின்றது. தண்டவாளம் இரண்டிலும் மெல்லிய மின்னோட்டம் ஒன்று எப்போதும் விடப்பட்டிருக்கும். வண்டி அத்துண்டினுட் புகுந்தவுடன் அதன் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்னோட்டம் குறுக்கு வழியிற் சென்றுவிடுகின்றது. அதனைப் பெற்றுக்கொண்டிருந்த கருவி சோர்ந்து விழ, பின்னுள்ள கைகாட்டி சிவப்பாகின்றது. தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும் மின்னோட்டம் நின்று சிவப்பே தோன்றும். குறைபாடு நேர்ந்தால் ஆபத்தின் பக்கம் சாயாமல் காவலின் பக்கம் சாயுமாறு அமைத்த அறிவு வியக்கத்தக்கது. துண்டினுட் புகும் அச்சுகளையும் வெளிப்படும் அச்சுகளையும் எண்ணி, கணக்கு ஒத்தபின்னரே வழிவிடும் கருவிகளும் இப்போது பல இடங்களில் உள்ளன.

பாலத்தின்மேல் நின்று இதனை நன்கு காணலாம். வண்டி கடந்ததும் அதன் பின்னே சிவப்பு; அது அடுத்த துண்டுக்குப் போனதும் மஞ்சள்; பின்னர் இரட்டை மஞ்சள்; பின்னர் பச்சை. சென்ற வண்டி தன் பின்னே வண்ணங்களாலாகிய நீண்ட வாலொன்றை இழுத்துக்கொண்டு போவதாகவே எமக்குத் தோன்றியது. அடுத்த வண்டியின் ஓட்டுநர் பார்த்து ஓட்டுவது முன்வண்டியையன்று, அதன் வாலையே.

இனி, எம்மை உண்மையிலே கலக்கிய செய்தியைக் கூறுவோம். யாம் சந்திக்க வந்தவர் எம் ஊர்க்காரர், மாம்பலத்தில் ஒரு கடையில் வேலை, குடியிருப்பது கூடுவாஞ்சேரியில். கண்மாய் நிறையாத ஆண்டுகளில் எம் பக்கத்து இளைஞர் சீமைக் கருவேல விறகை வெட்டிக் கரிமூட்டம் போடுவர். வாலிநோக்கத்து உப்பளங்களுக்குச் செல்வர். அதுவும் போதாதபோது சென்னைக்கு வண்டியேறுவர். அவ்வாறு ஏறியவருள் இவரும் ஒருவர். நகரத்தின் நடுவில் வாடகை கொடுக்க இயலாமையால், இவரைப் போன்றோர் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று தெற்கே தெற்கே நகர்ந்து குடியிருக்கின்றனர். “தம்பி, மாம்பலம் எத்தனை மைல் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்த வண்டியைத் தவறவிட்டால் கடையில் பேச்சுக் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்,” என்றார் அவர். பின்னர்ச் சிரித்துக்கொண்டே, “முன்பெல்லாம் நம் ஊர் வண்டி பிந்தி வந்தால், அன்று எனக்கும் தாமதந்தான், அதற்கு வழிவிட்டு எங்கள் வண்டி நிற்கும்,” என்றும் கூறினார்.

இதனை முதலில் விளையாட்டுப் பேச்சென்றே கொண்டோம். வீட்டுக்குச் சென்று தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு பாதையில் எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டி முனையிலிருந்து முனைக்கு 45 நிமிடத்திற் செல்வதாகவும், எங்கும் நில்லாத விரைவு வண்டி 30 நிமிடத்திற் செல்வதாகவும், எவ்விரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 நிமிடமேனும் இருத்தல் வேண்டும் என்றும் கொள்வோம். நின்று செல்லும் வண்டிகள் மட்டும் ஓடினால் 5 நிமிடத்துக்கு ஒன்றாக மணிக்கு 12 வண்டிகள் விடலாம். இவற்றினிடையே ஒரு விரைவு வண்டியைப் புகுத்துக. 6 மணிக்கு ஒரு நின்று செல்லும் வண்டி புறப்பட்டால், அது மறுமுனை சேர்வது 6.45. விரைவு வண்டி அதனை இடையில் முட்டாதிருக்க வேண்டுமாயின் 6.50க்கு முன் மறுமுனை சேர்தல் கூடாது, ஆகவே 6.20க்கு முன் புறப்படலாகாது. அதன் பின்னே அடுத்த நின்று செல்லும் வண்டி 6.25க்கே புறப்படலாம். 6.05, 6.10, 6.15, 6.20 ஆகிய நான்கு வேளைகளிலும் புறப்பட்டிருக்கத்தக்க நான்கு வண்டிகள் இல்லையாயின! ஒரு விரைவு வண்டி நான்கு வண்டிகளின் இடத்தை விழுங்கிவிடுகின்றது. அந்நான்கில் ஏறியிருக்க வேண்டியோர் ஐந்தாவதன் கதவில் தொங்குகின்றனர்.

எமக்கு இது நாணத்தை விளைத்தது. விரைவு வண்டியை நிலையத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கும்போதெல்லாம், நகரத்தார் தம் வண்டிகளுக்காக நம்மைக் காக்க வைக்கின்றனர் என்று தென்னாட்டுப் பிரயாணிகள் சலித்துக்கொள்வது வழக்கம். யாமும் சலித்துக்கொண்டவரே. எதிர்ப்புறத்து மேடையில் நின்று நம் வண்டியைச் சலித்துக்கொண்டவர் நம் ஊர்க்காரராகவே இருக்கக்கூடும் என்பது எமக்கு அதுவரை தோன்றவில்லை.

இருவகை வண்டிகளும் குறைகூறாமல் ஓடுவதற்கு வழி ஒன்றே: இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. இருப்புப்பாதையை விரிவாக்குதல் என்று நாம் பத்திரிகையிற் படிப்பது பெரும்பாலும் இதுவே. இரண்டு பாதை நான்கானால் வண்டிகள் இருமடங்காகும் என்று பலர் எண்ணுவர். உண்மையில், மெல்லச் செல்வதும் விரைந்து செல்வதும் பிரிக்கப்படும்போது பழைய பாதையும் தன் முழுவலிமையைப் பெறுகின்றது; ஆதலின் பயன் கூட்டல் கணக்கைவிட மிகுதி. தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுக்கு நெடுங்காலம் இரண்டே பாதைகள் இருந்தன. தென்னாட்டு வண்டிகள், சரக்கு வண்டிகள், நின்று செல்லும் மின்சார வண்டிகள் எல்லாம் அவ்விரண்டிலேயே ஓடின. கூடுவாஞ்சேரிக்காரர் கூறிய தாமதம் அங்கே பிறந்ததே. அண்மையாண்டுகளில் மூன்றாம் பாதை இடப்பட்டபின் நெருக்கடி ஓரளவு தளர்ந்தது என்றார் அவர்.

வடமுனையிலும் இத்தகைய இடுக்கு ஒன்று உண்டு. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே 4 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவே. ஆயினும் மூன்று பாதைகளே இருந்தன. இரண்டில் புறநகர் வண்டிகள் ஓட, தெற்கினின்று வடக்கே கடந்து செல்லும் நெடுந்தூர வண்டிகள் போகவும் வரவும் மூன்றாவது ஒன்றே வழி. குடத்தின் வயிறு எவ்வளவு பெரிதாயினும் கழுத்தின் அளவே நீர் வரும் அன்றோ? அங்கே நான்காம் பாதைக்கு இடம் செய்வதற்காக, பறக்கும் வண்டிகள் எனப்படும் வேளச்சேரி வண்டிகள் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்டு மாதத்தில் நிறுத்தப்பட்டு, 2024 அக்டோபர் மாதத்திலேதான் மீண்டும் விடப்பட்டன. நான்கு கிலோமீட்டர்ப் பாதைக்காகப் பல்லாயிரவர் ஓராண்டுக்குமேல் மாற்று வழி தேடினர். வெற்றிடத்திற் பாதை போடுதல் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் பாதையை விரித்தல், மரத்தில் ஏறி நிற்பவனுடைய செருப்பைத் தைப்பது போன்ற வேலை.

வண்டி காண விரும்பும் இளைஞர்க்கு ஒரு செய்தி கூறாமற்போதல் குற்றமாகும். யாம் பாலத்தின்மேல் நின்ற அதே நேரத்தில், பாலமேறும் சிறு வருத்தத்துக்கு அஞ்சித் தண்டவாளத்தின் குறுக்கே இறங்கி ஓடியோரை எண்ணத் தொடங்கி, எண்ண மனமின்றி விட்டுவிட்டோம். அவருட் பெரும்பாலோர் இருபுறமும் பார்த்தே இறங்கினர், மூடர் அல்லர். ஆயினும் இவ்விடத்திற் கண்ணும் காதும் மனிதனை வஞ்சிக்கின்றன. மிகப் பெரிய பொருள் தொலைவில் நேரே நம்மை நோக்கி வரும்போது, அதன் வேகம் உள்ளதைவிடக் குறைவாகவே தோன்றும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகமுள்ள வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கின்றது. பத்து நொடியில் கால் கிலோமீட்டர். மின்சார வண்டிக்குப் புகையில்லை. நேரே முன்னால் நிற்பவர்க்கு ஒலியும் குறைவு. மேடையில் நிற்கும் தொடர் ஒன்று, அதன் மறுபுறப் பாதையில் வரும் விரைவு வண்டியை முற்றும் மறைத்துவிடும். பாதைகள் மூன்று நான்காகும்போது இம்மறைப்பும் பெருகுகின்றது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுவழுப்பாக ஓடுவதனாலேதான் அத்துணைப் பெரிய தொடரை இழுத்தல் எளிதாகின்றது. அவ்வழுவழுப்பே அதனை நிறுத்துதலை அரிதாக்குகின்றது. ஓட்டுநர் ஆளைக் கண்டவுடன் முழுவலியுடன் தடுத்தாலும், அவ்வேகத்திலுள்ள வண்டி நிற்பதற்கு அரைக் கிலோமீட்டருக்குமேலும் ஆகலாம். எனவே அவர் செய்யத்தக்கது ஊதுவது ஒன்றே. அன்று காலையில் அவ்வூதல் ஒருமுறை மிக நீண்டு ஒலித்தது. பாலத்தின்மேல் நடந்தவர் எல்லாரும் நின்றனர். கீழே ஒரு முதியவர் கையில் பாற்பாத்திரத்துடன் மறுகரையில் ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாத்திரத்தின் மூடி மட்டும் தண்டவாளங்களுக்கு நடுவே கிடந்தது.

பாலம், நடைமேடையின் உட்பக்கம், வண்டிச் சன்னலோரம் ஆகிய இவையே வண்டி காண்போர்க்கு உரிய இடங்கள். மேற்கம்பியின் 25,000 வோல்ட் தொட்டால் மட்டுமன்றி நெருங்கினாலும் பாயும் இயல்பினது. பெட்டியின் கூரைமேல் ஏறுவோர் இதனை அறிவாராக.

காலை ஏழு மணிக்குமேல் கூட்டத்தின் தன்மை மாறிற்று. அதுவரை வந்தோர் காய்கறிக் கூடைக்காரரும் தொழிற்சாலைக் காலைமுறைக்காரருமே. பின்னர்க் கைப்பையுடன் எழுத்தர், பெண்கள் பெட்டிக்கென ஓரிடத்தில் அணிவகுத்து நின்ற செவிலியர், ஆசிரியைமார், கல்லூரி மாணவர். தொடரின் எப்பெட்டியில் ஏறினால் இறங்குமிடத்தில் படிக்கட்டு நேரே வரும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்து நின்றதாகத் தெரிந்தது. கிண்டியில் இறங்குவோர் வேறு, மாம்பலத்தில் இறங்குவோர் வேறு, பூங்கா நிலையத்தில் இறங்கிச் சென்ட்ரலுக்கு ஓடுவோர் வேறு. யாரும் யாருடனும் பேசவில்லை. ஆயினும் வழக்கமாக வரும் ஒருவர் வராவிடில் அவர் நின்ற இடம் சிறிது வெறுமையாகவே விடப்பட்டிருந்ததையும் யாம் கவனித்தோம். அல்லது அப்படி எமக்குத் தோன்றியிருக்கலாம்; மூன்று மணி நேரம் உறக்கமின்றி நின்றவன் கண் எதையும் கற்பித்துக்கொள்ளும்.

இராமநாதபுரத்திலிருந்து கடலோரமாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வேண்டும் என்பது எம் பக்கத்து மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. அது வருமாயின் கடலாடிப் பக்கத்துக்கும் வண்டி வரலாம். அப்போதும் தாம்பரத்தைப்போல் நான்கு நிமிடத்துக்கு ஒன்று எமக்கு வேண்டுவதில்லை. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் இராமநாதபுரத்துக்குச் சென்று மீளுமாயின், கல்லூரிக்குச் செல்லும் எத்தனையோ பிள்ளைகள் விடுதிச் செலவின்றித் தம் வீட்டிலேயே உண்டு உறங்கலாம்.

மூன்றாம் நாள் மாலை அதே வண்டியில் ஊர் திரும்பினோம். தாம்பரத்தை விட்டுப் புறப்பட்டுச் சிறிது நேரத்தில், பக்கத்துப் பாதையில் மின்சார வண்டியொன்று எமக்கு இணையாக ஓடி வந்தது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடியமையால் இரண்டும் நிற்பதாகவே தோன்றியது. மரங்கள் மட்டும் பின்னே ஓடின. எதிர்ச்சன்னலில் ஒரு பெண் தலையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். கதவருகே ஒருவன் உணவுப்பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்து நின்றான். எவ்வண்டிக்காகவும் எவ்வண்டியும் நிற்கவில்லை. பெருங்களத்தூர் மேடை வந்ததும் அவ்வண்டி மெல்லப் பின்னடைந்து ஒளியோடு நின்றுவிட, யாம் இருளினுட் சென்றோம்.